கடல் காற்றில் கலந்தவை நீலகிரி வரை வருமா?

தென்மேற்குப் பருவக்காற்று பிடித்ததும் நீலகிரியின் மேற்கு விளிம்புதான் முதலில் நனையும். தேவாலா, பந்தலூர், கூடலூர், அதற்கு மேலே முக்கூர்த்தி, அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு தண்ணீரும் அரபிக்கடலிலிருந்து ஆவியாகக் கிளம்பி வந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடலிலிருந்து காற்றில் ஏறுவது தண்ணீர் மட்டும் இல்லை. கந்தகம் கலந்த ஆவி, புரோமின் கலந்த ஆவி, நுண்பாசிகள் விடும் வாயுக்கள், கப்பலும் துறைமுகமும் விடும் எண்ணெய் நெடி என்று பலவும் கூடவே கிளம்புகின்றன. அவற்றில் எவை மலை ஏறுகின்றன, எவை பாதி வழியிலேயே அழிந்துபோகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இவற்றை மொத்தமாக 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என்கிறார்கள். கார்பனை அடிப்படையாகக் கொண்ட சிறு மூலக்கூறுகள். சாதாரண வெப்பத்திலேயே காற்றோடு கலந்துவிடுபவை. பெட்ரோல் பங்கில் மூக்கில் ஏறும் நெடி, புது பெயின்ட் வாடை, மல்லிகை மணம், வெட்டிய புல்லின் பச்சை வாசனை எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'ஆவியாகும் சேர்மம்' என்றாலே நஞ்சு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அது சரியில்லை. உலகில் உள்ள செடிகொடிகளும் மரங்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் இத்தகைய ஆவியை விடுகின்றன. அதில் ஏறக்குறைய பாதி ஐசோபிரீன் என்ற ஒரே பொருள். மனிதரின் வண்டிகள், ஆலைகள், கரைப்பான்கள் விடுவது அதைவிடப் பல மடங்கு குறைவு.

கடலின் பங்கு அளவில் சிறியது. ஆனால் அது தரும் சரக்கே வேறு. முதலில் சொல்ல வேண்டியது டைமெத்தில் சல்பைடு. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள் உப்பின் அழுத்தத்தைச் சமாளிக்கத் தம் உடலுக்குள் ஒரு கந்தகப் பொருளைச் சேர்த்து வைக்கின்றன. பாசி செத்தாலோ, சிறு உயிர்கள் அதை மேய்ந்தாலோ அந்தப் பொருள் உடைந்து டைமெத்தில் சல்பைடாக நீரில் கலக்கிறது. அதில் ஒரு பகுதி காற்றில் ஏறுகிறது. கடற்கரையில் பாசி ஒதுங்கி அழுகும் இடத்தில் வீசுகிற, முட்டைக்கோஸ் வேகும்போது வருவது போன்ற வாடையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நடுக்கடலில் சில கடற்பறவைகள் இந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. உலகக் கடல்கள் ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் கந்தகத்தை இந்த வழியாகக் காற்றுக்குக் கொடுப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நமக்கு நேர் மேற்கே இருக்கும் கடற்பகுதி இந்த விஷயத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரள, கர்நாடகக் கரையோரத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது. அது சத்து நிறைந்த நீர். நுண்பாசி பெருகும், மத்தி மீன் பெருகும், மீனவர்களுக்கு நல்ல பாடு கிடைக்கும். கூடவே டைமெத்தில் சல்பைடும் பெருகும். நம் மலையை நோக்கிக் காற்று வீசும் அதே மாதங்களில்தான் அந்தக் கடல் அதிகமாக ஆவி விடுகிறது. இந்தப் பொருத்தத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்தது புரோமின் கலந்த ஆவியான புரோமோஃபார்ம். இதைப் பெரும்பாலும் விடுவது பாறையில் ஒட்டி வளரும் பெரிய கடற்பாசிகள். அலை வற்றிப் பாசி வெயிலில் காயும் நேரத்தில் வெளியேற்றம் கூடுகிறது. ஆகவே இதன் செறிவு கரையோரத்தில் உச்சத்தில் இருக்கும். சில பத்து கிலோமீட்டர் கடலுக்குள் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும். கடல்மேல் இந்த ஆவிகள் எங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பாசிப்படுகை, கழிமுகம், துறைமுகம், மேலெழும் நீர் ஆகிய இடங்களில் திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கும். பென்சீன், டொலுவீன், பியூட்டேன் போன்றவை கப்பல் தொட்டியில் எண்ணெய் ஏற்றும்போதும், கப்பல் எஞ்சின் புகையிலும், கரையிலுள்ள நகரங்களிலிருந்தும் வருகின்றன. இரவில் நிலக்காற்று அவற்றைக் கடலுக்குள் தள்ளும். பகலில் கடற்காற்று அவற்றையே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். கடல் இவற்றை விழுங்கவும் செய்கிறது. மெத்தனால், அசிட்டோன் போன்றவை நீரில் நன்றாகக் கரைவதால், நிலத்திலிருந்து கடல் பக்கம் போகும் காற்றிலிருந்து ஒரு பகுதியைக் கடலே இழுத்துக்கொள்கிறது.

இனி பயணக் கணக்கு. கோழிக்கோட்டுக் கரையிலிருந்து கூடலூர் நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர். ஊட்டிக்குச் சுமார் 100. பருவக்காற்று மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் மூன்று நான்கு மணி நேரத்தில் கடற்காற்று மலை விளிம்பைத் தொட்டுவிடும். இந்தப் பயணத்தில் யார் பிழைப்பார்கள் என்பதை முடிவு செய்வது ஹைட்ராக்சில் என்ற, ஒரு நொடிகூடத் தங்காத மூலக்கூறுத் துண்டு. வெயிலும் ஓசோனும் நீராவியும் சேர்ந்து பகலில் அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அது கண்ணில் படும் கரிம ஆவிகளை எல்லாம் தாக்கி உடைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் உடைப்பதில்லை. ஐசோபிரீனுக்கு ஆயுள் நல்ல வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம். டைமெத்தில் சல்பைடுக்கு ஒன்றிரண்டு நாள். பென்சீனுக்கு ஒரு வாரத்துக்கு மேல். புரோமோஃபார்முக்குச் சில வாரங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐசோபிரீனின் ஆயுள் ஒன்றரை மணி, பயணம் மூன்று மணி என்றால், கரையில் கிளம்பியதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் கூடலூரில் மிஞ்சும். டைமெத்தில் சல்பைடின் ஆயுள் ஒரு நாள் என்று வைத்தால் பத்தில் ஒன்பது பங்கு வந்து சேரும். புரோமோஃபார்ம் அநேகமாக முழுசாக வந்துவிடும். வழியில் மற்றக் காற்றோடு கலந்து நீர்த்துப்போவது தனி. ஊட்டித் தோட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் காய்களில் கீரை வாடிவிடும், கேரட் தாங்கும், உருளைக்கிழங்கு எத்தனை நாளானாலும் கேட்காது இல்லையா, அது போலத்தான் இதுவும். மழைக்காலத்தில் மேகம் கவிந்து வெயில் குறைவதால் ஹைட்ராக்சிலும் குறைந்து, எல்லாவற்றின் ஆயுளும் சற்று நீளும். இந்த ஆவிகளில் பல தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. அதனால் மழை அவற்றை முழுக்கக் கழுவிவிடுவதும் இல்லை.

அக்டோபருக்குப் பிறகு காற்று திரும்பும். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து கிளம்பி 300 கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாட்டுச் சமவெளியைக் கடந்துதான் கோத்தகிரிக்கு வருகிறது. அதற்குள் கடலின் குறுகிய ஆயுள்காரர்கள் தீர்ந்துபோவார்கள்; சமவெளியின் புகை சேர்ந்துவிடும். ஆக, அரபிக்கடலின் ஆவியைப் புதிதாகப் பெறும் இடம் நம் மேற்குச் சரிவுதான். பழனி மலைக்கு இந்த வாய்ப்பு குறைவு. ஆனைமலையும் மூணாறு உயரங்களும் அதற்கு மேற்கே நின்று முதல் காற்றை வாங்கிக்கொள்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக மட்டும் கடற்காற்று மலை ஏறாமலே கோயம்புத்தூருக்குள் நுழைகிறது.

வந்து சேர்ந்த டைமெத்தில் சல்பைடு என்ன செய்கிறது? உடைந்து கந்தக டைஆக்சைடாகி, பிறகு கந்தக அமிலமாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. மேகத்துளி தானாக உருவாகாது; நீராவி படிவதற்கு ஒரு கரு வேண்டும். கடல் உப்புத் துகளோடு இந்தச் சல்பேட்டும் அந்தக் கருவாகிறது. 1987இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரியே, வாரன் என்ற நால்வர் இதை வைத்து ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார்கள்: கடல் சூடானால் பாசி அதிக ஆவி விடும், மேகம் வெளுக்கும், வெயில் திருப்பி அனுப்பப்படும், கடல் மறுபடி குளிரும். கேட்க அழகான கருத்து. ஆனால் 2011 வாக்கில் இதற்கு வலுவான மறுப்பு வந்தது. மேகக்கருக்கள் பல வழிகளில் கிடைக்கின்றன, பாசி ஒன்றே பிடியை வைத்திருக்கவில்லை என்பது அந்த மறுப்பின் சாரம். எனக்கும் அந்த மறுப்பே நியாயமாகப் படுகிறது. இருந்தாலும், அவலாஞ்சியில் விழும் துளிகள் சிலவற்றின் நடுவே மலபார்க் கரைப் பாசியின் கந்தகம் இருக்கக்கூடும் என்பதில் வேதியியல் ரீதியாக எந்தத் தடையும் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு அளவையும் சொல்லிவிட வேண்டும். கடல்மேல் ஐசோபிரீன் லட்சம் கோடியில் சில, சில பத்து பங்கு என்ற அளவில் இருக்கும். அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் அது நூறு கோடியில் சில பங்கு. அதாவது நூறு மடங்குக்கும் மேல். ஆகவே மலைக்காற்றில் உள்ள கரிம ஆவியில் பெரும்பங்கு மலையே தருவது. இங்கே நம் கற்பூர மரத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது.

தைலமரம், யூக்கலிப்டஸ் என்று மற்றவர்கள் சொல்வதை இங்கே பலர் கற்பூர மரம் என்கிறோம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் இங்கே கொண்டுவந்து நட்டது. விறகுத் தேவைக்காகப் பரவியது. அதன் இலை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் உடம்பெல்லாம் ஊசி குத்தியது போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். சரிவுகளில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் இந்தப் பைகளைத்தான் உடைக்கிறார்கள். உதிர்ந்த இலையைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்து பெரிய கொப்பரையில் அமுக்கி, தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பை மண் பூசி அடைத்து, அடியில் விறகை எரிக்கிறார்கள். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த நீருக்குள் இறங்கி மறுபடி திரவமாகிறது. சொட்டும் பாத்திரத்தில் தண்ணீர் கீழேயும் தைலம் மேலேயும் பிரிந்து நிற்கும். அந்தத் தைலத்தில் பெரும்பகுதி சினியோல். கொட்டகையில் நெருப்பு செய்வதை மரத்தில் வெயில் மெதுவாகச் செய்துகொண்டே இருக்கிறது: பைகளிலிருந்து சினியோலும் பைனீனும் நாள் முழுக்கக் கசிகின்றன. சினியோலுக்கு ஆயுள் அரை நாளுக்குக் குறையாது. அதனால்தான் மரத்தைப் பார்க்கும் முன்பே வாசனை வந்துவிடுகிறது.

அந்த வாசனை நம்மை ஏமாற்றவும் செய்கிறது. கற்பூர மரம் மணமே இல்லாதது போன்ற ஐசோபிரீனையும் ஏராளமாக விடுகிறது. இதற்கு இலையில் கிடங்கு கிடையாது. வெயில் படும்போது அப்போதைக்கு அப்போதே செய்து வெளியே விடும்; இருட்டினால் நின்றுபோகும். வெப்பம் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் வெளியேற்றம் மூன்று மடங்குக்கும் மேல் கூடும். எனவே மூக்குக்கு ஊட்டிதான் மணக்கும் என்றாலும், அதே மரம் கீழே சூடான சரிவில் நின்றால் ஊட்டியில் விடுவதைவிடப் பல மடங்கு ஐசோபிரீனை விடும். மூக்கு ஒரு நம்பகமான அளவுகோல் அல்ல. முதல் மழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே அது பிடித்துவிடும். அதைவிடப் பல நூறு மடங்கு இருக்கும் ஐசோபிரீனைக் கண்டுகொள்ளாது.

இந்த ஆவிகள் உடைந்து நுண்துகள்களாகும்போது தொலைதூர மலைகள் நீலமாகத் தெரிகின்றன என்று 1960இல் தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் எழுதினார். மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். நம் மலையின் நீலத்துக்குக் கற்பூர மரமே காரணம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வதுண்டு. அது பொருந்தாது. 1117ஆம் ஆண்டு ஹொய்சாளக் கல்வெட்டிலேயே நீலமலை இருக்கிறது. கற்பூர மரம் வர இன்னும் ஏழு நூற்றாண்டுக்கு மேல் பாக்கி. சோலைக்காடுகளின் ஆவியும், காற்றே சிதறடிக்கும் ஒளியும் அதற்குப் போதும்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதிக்கு வருகிறேன். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டத்தின் புதிரை அவிழ்த்தவர் ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்த ஆவிகளால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் அவர். அதே முறையில் நகரக் காற்றை ஆராய்ந்தபோது தெரிந்தது இது: கரிம ஆவியும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலும் மூன்றும் சேர்ந்தால் தரையில் ஓசோன் உண்டாகிறது. அது நுரையீரலை அரிக்கும்; பயிர் இலைகளையும் பழுதாக்கும். இந்த மூன்றில் நைட்ரஜன் ஆக்சைடு இல்லாவிட்டால் கதை மாறிவிடும். சுத்தமான காட்டில் ஐசோபிரீன் எவ்வளவு இருந்தாலும் ஓசோன் பெருகாது. சொல்லப்போனால் இருக்கிற ஓசோனில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். மரம்தான் மாசுக்குக் காரணம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் ஒருமுறை பேசியதை இன்றும் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். மரம் பொருளைத்தான் தருகிறது. பற்றவைப்பது எஞ்சின்.

நீலகிரியில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் உச்சம் தொடுவது ஏப்ரலிலும் மே மாதத்திலும். வெயில் அப்போதுதான் அதிகம்; இலையும் அப்போதுதான் அதிகம் விடும்; மலர்க் கண்காட்சிக்கு வண்டிகளும் அப்போதுதான் வரிசை கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், தலைகுந்தாவிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 வளைவுகளிலும் வண்டிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குப் புகை எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000 என்று உச்சவரம்பும் வந்தது. நெரிசலுக்காக வந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். காற்று வேதியியலின் கண்ணில் பார்த்தால், சரியான பொருளை, சரியான மாதத்தில் பிடித்த ஏற்பாடு இது.

குளிர்காலத்தில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் ஊட்டிப் பள்ளத்தில் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே ஒரு மூடி போட்டது போல நிற்கும். வீட்டுக் கணப்பும் தெருவோரக் குப்பை நெருப்பும் விடும் புகை அந்த மூடிக்குள் அடைபடும். விறகுப் புகையில் பென்சீன், ஃபார்மால்டிஹைடு இரண்டும் உண்டு. வெயில் ஏறிப் பனி விலகும்வரை அது நகராது. அந்த மாதங்களில் குன்னூர் லேம்ப்ஸ் ராக் மேலே நின்று கிழக்கே பார்த்தால் சமவெளியின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு அடுக்கு கிடப்பது தெரியும். இந்தப் பழுப்பு கடல் வரைக்கும் போகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை வீ. ராமநாதன், பால் குருட்சன் இருவரின் தலைமையில் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, கப்பல், விமானம், மாலத்தீவின் காஷிதூ தீவு என்று பல இடங்களில் கருவி வைத்து அதைப் படம் பிடித்தது. தெற்காசியாவிலிருந்து கிளம்பும் புகைமூட்டம் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கடல்மேல் பரந்து கிடந்தது. நெருப்பின் கைரேகை போலக் காற்றில் நீண்ட நாள் நிற்கும் அசிட்டோநைட்ரைலை அளந்து, விறகும் சாணமும் பயிர்க்கழிவும் எரிவதன் பங்கு எவ்வளவு பெரியது என்று கண்டார்கள். ஆக ஜூலையில் கடல் நமக்கு அனுப்புகிறது. ஜனவரியில் நாம் கடலுக்கு அனுப்புகிறோம். இரண்டையும் ஒப்பிட்டால் யாருடைய சரக்கு மோசம் என்பதில் சந்தேகம் இல்லை.

இவற்றை அளப்பதில் நாம் பின்தங்கியிருக்கிறோம். நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு காற்றுத் தரநிலையில் உள்ள 12 மாசுகளில் ஆவியாகும் கரிம வாயு என்று சொல்லத்தக்கது பென்சீன் ஒன்றுதான். ஐசோபிரீன், பைனீன், டைமெத்தில் சல்பைடு எதுவும் பட்டியலில் இல்லை. அவை நஞ்சு அல்ல என்பதால் பட்டியலில் இல்லாதது நியாயம்தான். ஆனால் அவற்றை அளக்காமல் ஓசோன் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள், ஐசோபிரீன் உடைந்து உண்டாகும் ஃபார்மால்டிஹைடை மேலிருந்து பார்க்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரே கட்டத்துக்குள் ஒரு சோலை, ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு டவுன் மூன்றும் அடங்கிவிடும். பருவமழை மேகம் வந்தால் அதுவும் தெரியாது. ஓசோன் அளக்கும் கருவியை வைக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி விடும் புது நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலேயே ஓசோனைத் தின்றுவிடுவதால் சாலையோரத்தில் அளவு குறைவாகவே காட்டும். சில கிலோமீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கும் ஹட்டி என்னும் படகர் ஊரிலோ, தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டிலோதான் அது ஏறும்.

மூலத்தைப் பிரித்துக் காட்ட எளிய வழிகள் இருக்கின்றன. உள்பக்கம் பளபளப்பாக்கிய எஃகுக் குடுவையில் காற்றை அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாலே போதும். தனித்தனி ஆவியின் அளவைவிட அவற்றின் விகிதம்தான் அதிகம் பேசும். ஐசோபிரீன் உடைந்தால் மெத்தில் வினைல் கீட்டோனும் மெத்தாக்ரோலினும் வரும். பிள்ளைகள் அதிகம், தாய் குறைவு என்றால் காற்று வெகுதூரம் பயணித்து வந்திருக்கிறது. தாய் அதிகம் என்றால் மரம் பக்கத்திலேயே இருக்கிறது. டொலுவீன் பென்சீனைவிடச் சீக்கிரம் அழிவதால், அவற்றின் விகிதம் வண்டிப் புகையின் வயதைச் சொல்லும். புரோமோஃபார்ம் தெரிந்தால் கடற்கரைக் காற்று; அசிட்டோநைட்ரைல் கூடினால் நெருப்புப் புகை. ஜூலையில் கூடலூரில் பகலும் இரவுமாகச் சில வாரங்கள், மே மாதம் குன்னூர் மலைப்பாதையிலும் அதற்கு மேலுள்ள ஒரு ஹட்டியிலும் ஒரே நேரத்தில் சில வாரங்கள், ஜனவரியில் ஊட்டிப் பள்ளத்தில் விடியற்காலையில் என்று குடுவைகளை நிரப்பினால் கடல், மரம், வண்டி, அடுப்பு நான்கின் பங்கையும் தனித்தனியே எழுதிவிடலாம். உச்சவரம்பு 6000 போதுமா, 4000 ஆக வேண்டுமா என்ற வாதத்துக்கும் அப்போது கையில் எண்கள் இருக்கும்.